14 அடிப் படகுக்கு ஜாக் பிளேட்: வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு ஊர் மதுரை. படகு தொண்டியில் மாமா வீட்டுப் பக்கம் நிற்கிறது. பழையதாக வாங்கிய 14 அடி ஃபைபர் படகு, 15 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார், லாங் ஷாஃப்ட். கரையோரம் வரும்போதெல்லாம் புரொப்பல்லர் மணலை அரைக்கிறது, தாழையை, அதாவது கடல்புல்லை, வாரிச் சுற்றிக்கொள்கிறது. ஜாக் பிளேட் என்பது மோட்டாருக்கும் படகுக்கும் நடுவே மாட்டி, மோட்டாரை உயர்த்தியும் சற்றுப் பின்தள்ளியும் பிடிக்கும் சட்டம். 6 அங்குலம் பின்தள்ளும் ஜாக் பிளேட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா, இல்லை மதுரையிலேயே பட்டறையில் சொல்லிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம் பதினாறரை அங்குலம் என்று அளந்தும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஓர் அளவிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

நான் மதுரை கே.புதூரில் லேத்தும் மில்லிங்கும் வைத்துப் பல வருடமாகிறது. பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட், கிரைண்டர் உதிரி வேலைதான். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து ஆட்களுக்கு இடையிடையே ஜாக் பிளேட்டும் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் படகுக்கு ஜாக் பிளேட் வேண்டும், அதை இங்கேயே செய்யலாம். 6 அங்குலம் பின்தள்ளும் பிளேட் மட்டும் வேண்டாம். அப்புறம், அலுமினியத்தில் கை வைப்பதற்கு முன்னால் பின்பலகையின் உடல்நிலையைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் உயரக் கணக்கு. அவுட்போர்டு மோட்டார்களில் ஷார்ட் ஷாஃப்ட் என்றால் 15 அங்குலப் பின்பலகைக்கு, லாங் ஷாஃப்ட் என்றால் 20 அங்குலத்துக்கு, அதற்கு மேல் 25 அங்குலத்துக்கு. உங்களுடையது 20 அங்குல மோட்டார், பலகையோ பதினாறரை. அப்படியென்றால் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தைவிட மூன்றரை அங்குலம் கீழே தொங்குகிறது. புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக நீண்டிருக்கும் தகட்டைப் பார்த்திருப்பீர்கள். கேவிடேஷன் பிளேட் என்று எல்லாரும் சொல்வார்கள். மேலிருந்து காற்றைப் புரொப்பல்லர் இழுத்துவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. சாதாரணமாக அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அரை முதல் 1 அங்குலம் மேலேயோ இருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்துகொள்ளலாம். படகைக் கரையில் கட்டைமேல் ஏற்றி வையுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் நீளமான ரூல் தடியை அடிப்பகுதியில், நடு எராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக் கட்டையை) ஒட்டிப் பிடித்துப் பின்பக்கம் நீட்டுங்கள். மோட்டாரை நேராக நிறுத்திவிட்டு, தடிக்கும் அந்தத் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். உங்கள் படகில் தகடு தடிக்குக் கீழே மூன்றரை அங்குலம் சுமாருக்கு நிற்கும். இந்த நிலையில் நீங்கள் பெட்ரோலில் ஒரு பகுதியைக் கியர் பெட்டியைத் தண்ணீருக்குள் இழுத்துச் செல்வதற்கே செலவழிக்கிறீர்கள்.

உயர்த்தினால் எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம். கேவிடேஷன் பிளேட்டிலிருந்து கீழ் நுனித் துடுப்புவரை உங்கள் அளவு மோட்டாரில் சுமார் ஒரு அடி இருக்கும். இப்போது படகின் அடிமட்டத்துக்குக் கீழே பதினைந்தரை அங்குலம் தொங்குகிறது. ஆள் ஏறி நிற்கும்போது படகு 6 அங்குலம் அமுங்கும் என்று வைத்தால், உங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு அடித் தண்ணீர் வேண்டும். 4 அங்குலம் உயர்த்தினால் பதினேழரை அங்குலம் போதும். கிடைப்பது அந்த 4 அங்குலம்தான். முழங்கால் தண்ணீரில் சீறிப் பாயலாம் என்று யாராவது சொன்னால், அது வேறு படகுக்கும் வேறு மோட்டாருக்கும் பொருந்தும் பேச்சு.

இங்கே ஒரு கேள்வி வரும்: மோட்டாரைச் சாய்த்து வைத்தாலே புரொப்பல்லர் மேலே வருமே? வரும். உங்கள் மோட்டாரில் ஆழமில்லாத தண்ணீருக்கென்று ஒரு சாய்வு நிலை அனேகமாக இருக்கும். லீவரைத் தட்டிவிட்டு மெதுவாகக் கரைக்கு வரலாம். ஆனால் சாய்க்கும்போது தள்ளுவிசையும் சாய்கிறது. அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் அமுங்கும், வேகம் எடுக்க முடியாது. ஜாக் பிளேட் மோட்டாரை நெட்டாக, அதே கோணத்தில் தூக்குகிறது. இரண்டும் வேறு வேறு வேலை. கரைக்கு வரும் கடைசி ஐம்பது மீட்டர் மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால், அந்தச் சாய்வு நிலையே போதும், காசு மிச்சம். உங்களுக்கு ஷாஃப்ட் நீளமே பொருந்தாமல் இருப்பதால்தான் பிளேட்டைச் சொல்கிறேன்.

சரி, பின்தள்ளல். ஜாக் பிளேட் மோட்டாரை உயர்த்துவதோடு பின்பலகையிலிருந்து சில அங்குலம் பின்னுக்கும் தள்ளி வைக்கும். கடைகளில் 4, 6, 8, 10, 12 அங்குலம் என்று வருகிறது. படகு ஓடும்போது பின்பலகையின் கீழ் விளிம்பை விட்டு விலகிய தண்ணீர், பின்னால் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும். அதனால் மோட்டார் பின்னால் தள்ளி இருந்தால், உயர்த்தி வைத்தாலும் அதற்குக் கலங்காத தண்ணீர் கிடைக்கும். 8 முதல் 12 அங்குலம் பின்தள்ளினால் 1 அங்குலம் கூடுதலாக உயர்த்தலாம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. பந்தயப் படகுக்காரர்கள் பின்தள்ளலை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அதற்கு விலை கொடுப்பது பின்பலகை. உங்கள் மோட்டார் எடை 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கணக்குக்கு 40 என்றே வைப்போம். அதன் எடைமையம் இப்போது பலகையிலிருந்து அரை அடி பின்னால் இருக்கிறது என்றால், பலகையை முறுக்கும் சுமை 20 கிலோ-அடி. 6 அங்குலப் பிளேட் போட்டால் அது 40. பிளேட்டின் சொந்த எடை வேறு. இது படகு சும்மா நிற்கும்போது. பாக் விரிகுடாவில் அலை உயரமாக இருக்காது, ஆனால் குட்டை குட்டையாக, இடைவெளி இல்லாமல் வரும். ஒவ்வொரு குதிப்பிலும் இந்தச் சுமை மூன்று மடங்கு, நான்கு மடங்காகப் பலகையில் அடிக்கும். மோட்டார் முன்னால் தள்ளும்போது அதைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் கீழ்ப்பகுதி பலகையை அமுக்கும், மேல் போல்ட்டுகள் பின்னால் இழுபடும். அதனால்தான் பழுது எப்போதும் மேல் போல்ட் துளையில் ஆரம்பிக்கிறது.

14 அடிப் படகில் பின்பக்கம் கனம் கூடினால் இன்னொன்றும் நடக்கும். கிளம்பும்போது அணியம் தூக்கிக்கொண்டு முன்னால் இருப்பது தெரியாது; நின்றால் பின்னாலிருந்து அலை உள்ளே ஏறும். ஆகவே உங்களுக்கு 3 அங்குலம், மிஞ்சினால் 4 அங்குலப் பின்தள்ளல் போதும். 24 லிட்டர் பெட்ரோல் டேங்கைப் பின்னாலேயே வைத்திருந்தால் முன்னுக்கு நகர்த்துங்கள். நிறைந்த டேங்கில் பெட்ரோல் மட்டுமே 18 கிலோ சுமாருக்கு இருக்கும், அதை முன்னே கொண்டுபோனாலே பின்தள்ளலின் கனம் சரியாகிவிடும்.

இப்போது பலகை. பழைய ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் உள்ளே பிளைவுட் இருக்கும், வெளியே ஃபைபர் போர்த்தியிருக்கும். எப்போதோ போட்ட துளையில் தண்ணீர் இறங்கி உள்ளே மக்கியிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு சிறிய சுத்தியலின் பிடியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும், மக்கிய இடம் மந்தமாகச் சத்தம் விழுங்கும். சந்தேகம் வந்தால், உள்பக்கமிருந்து 4 மி.மீ. துளை ஒன்று போட்டுத் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளுத்த, காய்ந்த தூள் என்றால் நல்லது. காபிப் பொடி நிறத்தில் ஈரமாக விரலில் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். அந்தப் பலகையை முதலில் மாற்ற வேண்டும். தொண்டியில் ஒரு படகுக்கு இப்படிப் பார்க்காமல் நானே பிளேட் மாட்டிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் மேல் போல்ட்டுகள் வாஷரோடு பலகைக்குள் புதைந்து, மோட்டார் பின்பக்கம் சாய்ந்து நின்றது. நல்ல வேளை, கரைக்கு அருகில் நடந்தது. அதற்குப் பிறகு தட்டிப் பார்க்காமல் எந்தப் படகுக்கும் அளவு எடுப்பதில்லை.

வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹைட்ராலிக் பிளேட்டுகள் பெரிய மோட்டாருக்கானவை. கனமும் பேட்டரித் தேவையும் உங்கள் படகுக்கு ஒத்துவராது. கையால் திருகும் சிறிய பிளேட் வாங்குவதானால், மூன்றைப் பாருங்கள்: அதன்மேல் குறித்திருக்கும் குதிரைத்திறனும் மோட்டார் எடையும், பின்தள்ளல் அளவு, உங்களுடையதுபோலக் கிளாம்ப்பால் இறுக்கும் மோட்டாருக்குச் செய்ததா என்பது. பெரிய மோட்டாருக்கான பிளேட்டுகளில் நான்கு போல்ட் துளைகள் மட்டும் இருக்கும். கிளாம்ப் கடிக்க இடமே இருக்காது. இறக்குமதி வரியும் கூரியர் செலவும் சேர்ந்தால் பிளேட் விலையைத் தாண்டிவிடலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

செய்வதானால், இப்படிச் செய்யுங்கள். அடிப்படை எளிது: பின்பலகையில் நெட்டாக இரண்டு எல்-ஆங்கிள், மோட்டார் பிளேட்டில் நெட்டாக இரண்டு எல்-ஆங்கிள். இரண்டு ஜோடியும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று உரசி நிற்கும். ஒரு ஜோடியில் நீள்துளை, மற்றதில் வட்டத்துளை. போல்ட்டைத் தளர்த்தினால் மேலும் கீழும் நகரும், இறுக்கினால் நிற்கும். உங்கள் மோட்டாருக்கு 75×75 மி.மீ., 8 முதல் 10 மி.மீ. கனம், 330 மி.மீ. நீளம் போதும். பக்கத்துக்கு 12 மி.மீ. போல்ட் இரண்டு. நீள்துளையை மேலிருந்து கீழ்வரை ஒரே துளையாகப் போட்டுவிடாதீர்கள். 13 மி.மீ. அகலத்தில் இரண்டு துண்டாக, நடுவில் பாலம் விட்டு மில்லிங்கில் போடச் சொல்லுங்கள். 5 அங்குல ஏற்ற இறக்கம் கிடைக்கும், ஆங்கிளும் விரியாது. டிரில்லில் வரிசையாகத் துளை போட்டு அரத்தால் ராவி நீள்துளை ஆக்கினால் ஓரம் நேராக வராது, போல்ட் ஒரே இடத்தில் அழுத்தி அங்கிருந்தே விரிசல் விடும்.

உலோகத்தில்தான் நம் ஊரில் ஏமாறுகிறோம். கடையில் அலுமினிய ஆங்கிள் என்று கேட்டால் அனேகமாகக் கைக்கு வருவது 6063, ஜன்னல், கதவு வேலைக்கு வருவது. உங்களுக்கு வேண்டியது 6061-டி6. 6063-டி5-ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவிசையை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அதனால் சோதனைச் சான்றிதழோடு வாங்குங்கள். நான் செய்த முதல் பிளேட் 6063-இல் வெல்டிங் வைத்துச் செய்தது. ஐந்தாவது மாதம் கழுவக் கொண்டுவந்தார்கள். வெல்டிங்கின் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் உப்புப் படிந்த கோடு ஒன்று இருந்தது. அழுக்கு என்று தின்னர் துணியால் துடைத்தேன், கோடு போகவில்லை. நகத்தால் நெருடினால் தட்டுப்பட்டது. ஆங்கிளில் பாதி தூரம் விரிசல் ஓடியிருந்தது.

அதிலிருந்து வெல்டிங்கே வைப்பதில்லை. 6061-டி6 நல்ல உலோகம்தான், ஆனால் வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அதன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். யாராவது வெல்டிங் வைத்தே செய்து தருகிறேன் என்றால், படகு கட்டவே பயன்படும் 5083 தகட்டில் செய்யச் சொல்லுங்கள், அதில் இந்த இழப்பு குறைவு. மற்றபடி எல்லாவற்றையும் போல்ட் போட்டே சேர்க்கலாம். இரண்டு ஆங்கிளையும் மேலேயும் கீழேயும் குறுக்குப் பட்டை போட்டு இணைக்க மறக்காதீர்கள். ஸ்டீயரிங் திருப்பும்போது சட்டம் முறுகாமல் பிடிப்பது அந்தப் பட்டைகள்தான்.

போல்ட் எல்லாம் எஸ்.எஸ். 316, அதாவது துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம். ‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் கேட்டால் 202-ஐக் கொடுத்துவிடுவார்கள், கடலில் ஒரு மழைக்காலம் தாங்காது. காந்தம் வைத்துப் பார்ப்பது இதற்கு உதவாது, 202-உம் 304-உம் 316-உம் காந்தத்தில் பெரிதாக ஒட்டாது. 316-இல் மட்டும் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. அதைக் காட்டும் சொட்டு மருந்து கிட் கிடைக்கிறது, ஒரு சொட்டு விட்டால் தெரிந்துவிடும். இன்னொன்று: எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் நேராக ஒட்டி நின்றால் அரிக்கப்படுவது அலுமினியம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் நைலான் புஷ்ஷும் நைலான் வாஷரும் போட்டுப் பிரித்துவிடுங்கள். உரசும் ஆங்கிள் முகங்களுக்கு நடுவே 3 மி.மீ. எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பட்டை வைத்தால் உப்புப் பூத்து இறுகாது, சத்தமும் வராது. பிளேட்டின் கீழ் விளிம்பு தண்ணீர் படும் இடத்தில் இருந்தால் சிறிய துத்தநாகக் கட்டி ஒன்றை மாட்டிவிடுங்கள். அது முதலில் அரிக்கப்பட்டு பிளேட்டைக் காக்கும்.

உயர்த்துவதற்கு நடுவில் ஒரு திருகு. 16 மி.மீ. எஸ்.எஸ். திருகுத்தண்டு, சாதாரண மரை ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் என்பதால் 1 அங்குலம் உயர்த்தச் சுமார் பன்னிரண்டரைச் சுற்று. தண்டும் நட்டும் இரண்டுமே எஸ்.எஸ். என்றால் சுமையில் திருகும்போது ஒன்றையொன்று கடித்துக்கொண்டு இறுகிவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நட்டை கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) கடைந்து போடுங்கள், மரையில் கிரீஸ் பூசுங்கள். சுமையைத் தாங்குவது பக்கவாட்டுப் போல்ட்டுகள். திருகு உயரத்தைச் சரிசெய்ய மட்டும். போல்ட்டை இறுக்காமல் திருகின் பலத்திலேயே ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள்.

மோட்டார் கிளாம்ப் கடிக்கும் இடத்தில் 10 மி.மீ. அலுமினியத் தகட்டோடு 35 மி.மீ. தேக்கோ வேங்கையோ சேர்த்துப் போல்ட் போட்டுவிடுங்கள். வெறும் தகட்டில் கிளாம்ப் வழுக்கும். அதிர்வில் கிளாம்ப் தளர்வது சகஜம், அதனால் மோட்டார் பிராக்கெட்டில் உள்ள துளை வழியாக இரண்டு போல்ட் போடுங்கள். அதற்கும் மேல், மோட்டாரிலிருந்து படகின் வளையத்துக்கு ஒரு கயிறு கட்டுங்கள்.

பின்பலகையில் துளை போடும்போது ஒரு முறை உண்டு. 12 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போடுங்கள், அதை எபாக்ஸியால் நிரப்பி ஒரு நாள் காயவிடுங்கள், பிறகு அதன் நடுவில் 12 மி.மீ. துளை. அப்படிச் செய்தால் போல்ட்டைச் சுற்றி எபாக்ஸிக் குழாய் நிற்கும், தண்ணீர் பிளைவுட்டைத் தொடாது. உள்பக்கம் 6 மி.மீ. அலுமினியத் தகட்டை முழு அகலத்துக்கு வைத்து நட்டு இறுக்குங்கள், தனித்தனி வாஷர் போதாது. துளைகளுக்குப் பாலியூரித்தேன் சீலண்ட், சிலிக்கான் வேண்டாம்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், எவ்வளவு உயர்த்துவது? இதற்கு முடிவு சொல்வது வேகம் இல்லை, குளிர்விக்கும் தண்ணீர். மோட்டார் தன் தலையைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் துளைகள் கியர் பெட்டியில்தான் இருக்கின்றன. அளவுக்கு மீறி உயர்த்தினால் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து போகும். பம்ப்பு இழுக்காது, சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். வேகம் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்.

அதனால் தகட்டை முதலில் அடிமட்டத்துக்கு நேராக வைத்து ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை வாடைக் காற்றில் வேண்டாம், கடல் அமைதியாக இருக்கும் நாளில், வழக்கமாக ஏற்றும் ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு போங்கள். முழு வேகம் கொடுத்துப் படகு தண்ணீர்மேல் ஏறியதும், பின்னால் இன்னொருவர் திரும்பிப் பார்க்கட்டும். கேவிடேஷன் பிளேட் தண்ணீர் மட்டத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் நிறுத்தி அரை அங்குலம், சுமார் ஆறேகால் சுற்று, உயர்த்துங்கள். மோட்டாரிலிருந்து பீய்ச்சும் மெல்லிய தண்ணீர்த் தாரையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். தாரை மெலிந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ உடனே பழைய நிலைக்கு இறக்குங்கள். திரும்பும்போது மோட்டார் திடீரென அலறி, படகு தள்ளாமல் நின்றால் புரொப்பல்லர் காற்றைப் பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்கும் அரை அங்குலம் இறக்கினால் போதும். உங்கள் படகு அடிமட்டத்துக்கு மேல் அரை அங்குலத்திலிருந்து 1 அங்குலத்துக்குள் எங்கோ நிற்கும் என்பது என் கணிப்பு. பார்த்துவிட்டு அந்த இடத்தில் ஆங்கிளில் அரத்தால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

தாழையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிளேட் போட்டபின் தாழைக்காட்டுக்குமேல் குறுக்கே ஓடலாம் என்று தோன்றும், தயவுசெய்து ஓடாதீர்கள். புரொப்பல்லர் வேரோடு கிழித்த கோட்டில் தாழை மறுபடி முளைக்க வருடங்கள் ஆகும். இறாலும் நண்டும் குஞ்சு வளர்வது அந்தப் புல்லுக்குள்தான், கடல்பசு மேய்வதும் அதைத்தான். பாக் விரிகுடாவின் வட பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கென்று 2022-இல் அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. தொண்டி அதற்குத் தெற்கே இருந்தாலும் தாழை அதே தாழைதான். உங்களுக்கும் அதில் நட்டம் உண்டு: கிழிந்த தாழை உறிஞ்சும் துளையை அடைக்கும், கலங்கிய மணல் பம்ப்பு இம்பெல்லரைத் தேய்க்கும். ஆழம் குறைந்த இடத்தில் மோட்டாரைச் சாய்த்துவிட்டுத் தாங்குகோலால் ஊன்றிப் போங்கள். மாமாவுக்கு அது பழக்கமாகத்தான் இருக்கும்.

பிளேட் மாட்டியபின் பெட்ரோல் குழாயும் கேபிளும் நீளம் போதுமா என்று மோட்டாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும், மேலே முழுக்கச் சாய்த்தும் பாருங்கள். முதல் ஐந்து மணி நேரம் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் ஸ்பேனரால் ஒருமுறை இறுக்குங்கள். மரமும் எபாக்ஸியும் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் பிளேட்டையும் கழுவுங்கள், மோட்டாருக்குள்ளும் ஓடவிடுங்கள்.

பட்டறைக்குப் போகும் முன் தொண்டிக்கு ஒரு நடை போய், பழைய பிளைவுட் துண்டில் இந்தச் சட்டத்தை அதே அளவில் வெட்டிப் பின்பலகையில் வைத்துப் பாருங்கள். உள்ளே நட்டு இறுக்கக் கை போக இடம் இருக்கிறதா, வடிகால் துளை மறைகிறதா, சாய்க்கும்போது மோட்டார் தலை எதிலாவது இடிக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். அந்தப் பிளைவுட் மாதிரியையே பட்டறைக்காரரிடம் கொடுங்கள், காகிதத்தில் வரைந்து கொடுப்பதைவிட அதில் தப்பு வருவது குறைவு.